சி. சுப்பிரமணியம்

சி. சுப்பிரமணியம் (ஜனவரி 30, 1910 – நவம்பர் 7, 2000) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், வழக்கறிஞரும், அரசியல்வாதியும் ஆவார். சென்னை மாநிலத்தில் பத்து ஆண்டுகள் அமைச்சராக இருந்த இவர், பின்னர் நடுவண் அரசில் எஃகு, உணவு, வேளாண்மை, திட்டம், தொழில் வளர்ச்சி, நிதி, பாதுகாப்பு ஆகிய துறைகளின் அமைச்சராகப் பணியாற்றினார். 1964 முதல் 1967 வரை உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தபோது இவர் எடுத்த முடிவுகளே இந்தியாவில் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தன. 1998-ஆம் ஆண்டில் இவருக்கு இந்தியாவின் மிக உயரிய குடிமை விருதான பாரத ரத்னா வழங்கப்பட்டது. அரசியல் வட்டாரங்களில் இவர் "சி. எஸ்." என்று அறியப்பட்டார்.

இவரது உணவுக் கொள்கை நாட்டின் தானிய விளைச்சலைப் பெருக்கியது. ஆனால், அக்கொள்கை பலன் தரத் தொடங்கும் முன்பே, அரிசித் தட்டுப்பாடு முதன்மைப் பிரச்சினையாக இருந்த 1967 தேர்தலில் இவர் தமிழ்நாட்டில் தோல்வியுற்றார். இக்கொள்கை ஓர் ஊரையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் எவ்வாறு மாற்றியது என்பது, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்ட ஆய்வுகளில் விரிவாகப் பதிவாகியுள்ளது.

இளமையும் கல்வியும்

சுப்பிரமணியம் கோயம்புத்தூர் மாவட்டம் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையம் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். திருப்பராய்த்துறை இராமகிருஷ்ண தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருடைய உறவினர். இளமையில் அவருடைய தாக்கம் இவரிடம் மிகுந்திருந்தது. பொள்ளாச்சியில் பள்ளிக் கல்வியை முடித்த பின்னர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று இளநிலைப் பட்டம் பெற்றார். தொடர்ந்து சென்னை சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1932-இல் சட்டப் படிப்பை நிறைவு செய்தார்.

மாணவப் பருவத்திலேயே சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பெரியசாமித் தூரன், ஓ. வி. அளகேசன் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து "வனமலர்ச் சங்கம்" என்ற அமைப்பை நடத்தினார். இவர்கள் "பித்தன்" என்ற இதழையும் வெளியிட்டனர். இந்நண்பர்களுள் தூரன் பிற்காலத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியரானார். அளகேசன் நடுவண் அமைச்சரானார். 1965-இல் சுப்பிரமணியத்தின் அரசியல் வாழ்வில் ஏற்பட்ட பெரும் நெருக்கடியில் அளகேசனே இவருடன் துணை நின்றார்.

வழக்கறிஞர் பணி

1936-இல் சுப்பிரமணியம் கோயம்புத்தூரில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். தொழிலுடன் காங்கிரஸ் கட்சிப் பணியையும் மேற்கொண்டார். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கேற்று மீண்டும் சிறைப்பட்டார். 1946-இல் அமைந்த இந்திய அரசியலமைப்பு நிர்ணய மன்றத்தில் இவர் உறுப்பினராக இருந்தார்.

சட்டப் பயிற்சியும் அரசியலமைப்பு உருவான அவையில் இருந்த பட்டறிவும் இவரது பிற்கால நிர்வாக முறையில் தெளிவாகத் தெரிகின்றன. இந்திய அரசியலமைப்பின்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள பொருளாகும். வயலில் என்ன பயிரிட வேண்டும் என்று நடுவண் அமைச்சர் ஆணையிட இயலாது. எனவே விலை, கொள்முதல், விதை, உரம், ஆராய்ச்சி என நடுவண் அரசு செயல்படக்கூடிய இடங்களைத் தேர்ந்து, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டத்தையோ நிலையான ஒரு நிறுவனத்தையோ ஏற்படுத்துவதே இவரது வழியாக இருந்தது.

சென்னை மாநில அரசில்

1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பின் இராசகோபாலாச்சாரி (இராசாசி) முதலமைச்சரானபோது, சுப்பிரமணியம் நிதி அமைச்சராகப் பொறுப்பேற்றார். இராசாசி சட்ட மேலவை உறுப்பினராக இருந்ததால், சட்டமன்றத்தில் அவை முன்னவராகச் செயல்படும் பொறுப்பும் இவருக்குக் கிடைத்தது.

1953-இல் இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. "குலக்கல்வித் திட்டம்" என்று எதிர்ப்பாளர்களால் அழைக்கப்பட்ட இது பெரும் கிளர்ச்சிக்கு உள்ளானது. அதன் விளைவாக 1954-இல் இராசாசி பதவி விலகினார். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் நடந்த தேர்தலில் இராசாசியின் ஆதரவாளர்கள் சுப்பிரமணியத்தை நிறுத்தினர். காமராசர் 93 வாக்குகளும் இவர் 41 வாக்குகளும் பெற்றனர். வெற்றி பெற்ற காமராசர், தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையே தம் அமைச்சரவையில் சேர்த்துக் கொண்டு, நிதியுடன் கல்வித் துறையையும் ஒப்படைத்தார். இராசாசியின் கல்வித் திட்டம் கைவிடப்படுவதாக 1954 மே மாதத்தில் சட்டமன்றத்தில் அறிவித்தவரும் கல்வி அமைச்சர் என்ற முறையில் சுப்பிரமணியமே ஆவார்.

1962 வரை இவர் அப்பொறுப்புகளில் தொடர்ந்தார். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் (1956), பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தின் விரிவாக்கம், புதிய தொடக்கப் பள்ளிகள், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தோற்றம் (1959) ஆகியவை இக்காலத்தில் நிகழ்ந்தன.

நடுவண் அரசில் நுழைவு

1962 பொதுத்தேர்தலில் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரதமர் சவகர்லால் நேரு இவரை எஃகு, கனரகத் தொழில் துறையின் அமைச்சராக நியமித்தார். 1964 மே மாதத்தில் நேரு மறைந்ததைத் தொடர்ந்து, ஜூன் மாதம் பதவியேற்ற லால் பகதூர் சாஸ்திரி இவருக்கு உணவு, வேளாண்மைத் துறையை அளித்தார். உணவுப் பற்றாக்குறையால் கண்டனத்துக்கு மட்டுமே ஆளாகும் துறை என்று அக்காலத்தில் அது கருதப்பட்டது.

உணவு, வேளாண்மை அமைச்சர் (1964–1967)

பின்னணி

1950-களின் நடுப்பகுதி முதல் இந்தியா, "பி. எல். 480" எனப்படும் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் கோதுமையை இறக்குமதி செய்து வந்தது. அதற்கான விலையை ரூபாயில் செலுத்தலாம் என்பதால் அந்நியச் செலாவணிச் சிக்கல் எழவில்லை. மலிவான இறக்குமதி நகரங்களின் பசியைத் தணித்தது. ஆனால் உள்நாட்டில் தானிய விலையைத் தாழ்த்தி வைத்ததால், விளைச்சலைக் கூட்ட உழவருக்கு ஊக்கம் இல்லாமற்போனது. தொழில்மயமாக்கத்துக்கு முதலிடம் தந்த திட்டமிடல் முறையில் வேளாண்மைக்குக் கிடைத்த முதலீடும் குறைவாக இருந்தது.

1965-66, 1966-67 ஆகிய இரு ஆண்டுகளிலும் பருவமழை பொய்த்தது. 1964-65-இல் ஏறத்தாழ 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், அடுத்த ஆண்டில் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. பீகாரில் கடும் வறட்சி ஏற்பட்டது. 1966-இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட தானியம் இறக்குமதியானது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரை அடுத்து அமெரிக்க உதவியும் உறுதியற்றதாயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைத் தவிர்த்து, சிறு சிறு அளவுகளாகவே கோதுமைக்கு அனுமதி வழங்கினார். வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக் கொண்ட காலம் இது.

புதிய வேளாண் உத்தி

சுப்பிரமணியத்தின் அணுகுமுறை மூன்று கூறுகளைக் கொண்டது.

முதலாவது, விலை. விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை உறுதி செய்யப்பட்டாலன்றி உழவர் புதிய முறைகளில் முதலிட மாட்டார் என்பது இவரது கருத்து. எல். கே. ஜா தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து, 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழு அமைக்கப்பட்டது. பொருளியல் அறிஞர் எம். எல். தந்த்வாலா அதன் முதல் தலைவரானார். அறிவித்த விலைக்குத் தானியத்தை வாங்கவும் சேமிக்கவும் ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1964-ஆம் ஆண்டின் உணவுக் கழகங்கள் சட்டப்படி இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைமையகம் சென்னையிலும், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலும் அமைந்தன.

இரண்டாவது, ஆராய்ச்சி. அதுவரை நிர்வாக அலுவலர்களின் கட்டுப்பாட்டில் இருந்த இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் திருத்தியமைக்கப்பட்டது. 1965-இல் பயிர் அறிவியலாளரான பி. பி. பால் அதன் தலைமை இயக்குநராக நியமிக்கப்பட்டார். அப்பொறுப்பை ஓர் அறிவியலாளர் ஏற்றது அதுவே முதல் முறை.

மூன்றாவது, விதையும் உரமும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை வகைகள், மிகுதியாக உரமிட்டாலும் சாயாமல் நின்று கூடுதல் விளைச்சல் தந்தன. போர்லாக் 1963-இல் இந்தியாவுக்கு வந்திருந்தார். எம். எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இவ்வகைகளைச் சோதித்து வந்தனர். 1965-இல் சொனோரா 64, லெர்மா ரோஜோ ஆகிய வகைகளில் 250 டன் விதை தருவிக்கப்பட்டது. 1966-இல் 18,000 டன் விதை இறக்குமதியானது. அதுவரை எந்த நாடும் செய்திராத அளவிலான விதை இறக்குமதியாக அது குறிப்பிடப்படுகிறது. அதே ஆண்டில் உயர் விளைச்சல் வகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விதைகளின் தரத்தை ஒழுங்குபடுத்தும் விதைச் சட்டமும் 1966-இல் நிறைவேறியது. இப்பணிகளில் வேளாண்மைச் செயலாளர் பி. சிவராமன் இவருக்கு உறுதுணையாக இருந்தார்.

எதிர்ப்புகள்

புதிய உத்திக்குப் பல முனைகளிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. உர இறக்குமதிக்கு வேண்டிய அந்நியச் செலாவணியை ஒதுக்க நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தயங்கினார். நீர்வளம் மிக்க பகுதிகளிலும் வசதி படைத்த உழவரிடமும் மட்டுமே பயன் குவியும் எனத் திட்டக் குழுவிலும் பொருளியல் அறிஞர்களிடையேயும் ஐயம் இருந்தது. இது அமெரிக்காவின் விருப்பத்துக்கு இணங்கும் கொள்கை என்று இடதுசாரிக் கட்சிகள் குற்றஞ்சாட்டின.

இதற்கு விடையாக, ஆராய்ச்சிப் பண்ணைகளில் மட்டுமன்றி உழவர்களின் சொந்த நிலங்களிலும் செயல்விளக்கப் பயிர்கள் வளர்க்கப்பட்டன. தில்லியில் தம் அரசு இல்லத்தின் புல்வெளியை உழுது சுப்பிரமணியமே புதிய கோதுமையைப் பயிரிட்டார். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண்மை அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். வேளாண்மைக்கான முதலீட்டையும் உர வசதியையும் பெருக்குவதாக இந்தியா அதில் ஒப்புக்கொண்டது. அவை இவர் முன்னரே வகுத்திருந்த திட்டங்கள் என்பதால், வெளியிலிருந்து வந்த அழுத்தத்தை உள்நாட்டு எதிர்ப்பைக் கடக்கவும் இவர் பயன்படுத்திக் கொண்டார் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்த பின் பிரதமரான இந்திரா காந்தியும் இவரை அதே துறையில் தொடரச் செய்தார்.

மொழிப் பிரச்சினையும் பதவி விலகலும்

உணவுத் துறையில் இப்பணிகள் தொடங்கிய அதே வேளையில், 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஒன்றே இந்திய ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஆகவிருந்த சூழலில் தமிழ்நாட்டில் மாணவர் போராட்டம் வெடித்தது. துப்பாக்கிச் சூடுகளில் பலர் உயிரிழந்தனர்; சிலர் தீக்குளித்து மாண்டனர். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு அளித்த உறுதிமொழிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கையாக இருந்தது.

1965 பிப்ரவரி 11 அன்று சுப்பிரமணியமும், பெட்ரோலியம், வேதிப்பொருள் துறை இணை அமைச்சராக இருந்த ஓ. வி. அளகேசனும் தங்கள் பதவி விலகல் கடிதங்களை அளித்தனர். அவற்றை ஏற்குமாறு சாஸ்திரி குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனுக்குப் பரிந்துரைத்தார். குடியரசுத் தலைவர் அதற்கு உடன்படவில்லை. அன்று இரவு வானொலியில் பேசிய சாஸ்திரி, நேருவின் உறுதிமொழி மதிக்கப்படும் என்று அறிவித்தார். அதன்பின் இருவரும் தங்கள் விலகலைத் திரும்பப் பெற்றனர். அவ்வுறுதிமொழி 1967-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் திருத்தச் சட்டத்தின் மூலம் சட்ட வடிவம் பெற்றது.

1967 தேர்தல் தோல்வி

பதவி விலகல் கடிதம் இவருக்குத் தமிழ்நாட்டில் அரசியல் பயன் எதையும் அளிக்கவில்லை. 1967 பிப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தலில், இந்தித் திணிப்பும் அரிசித் தட்டுப்பாடும் காங்கிரசுக்கு எதிரான முதன்மைப் பிரச்சினைகளாக இருந்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது திராவிட முன்னேற்றக் கழகத்தின் தேர்தல் முழக்கம். தி.மு.க. போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது. காங்கிரஸ் மாநிலத்தில் மூன்று மக்களவை இடங்களை மட்டுமே பெற்றது. நாட்டின் உணவு அமைச்சரான சுப்பிரமணியமும் தோற்றவர்களுள் ஒருவர்.

அடுத்த அறுவடையே நிலைமையை மாற்றியது. 1967-68-இல் உணவு தானிய விளைச்சல் 9.5 கோடி டன்னை எட்டியது. 1964-65-இல் ஏறத்தாழ 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் 1.65 கோடி டன்னாகவும், 1970-71-இல் 2.38 கோடி டன்னாகவும் உயர்ந்தது. 1968-இல் கோதுமைப் புரட்சியைக் குறிக்கும் சிறப்பு அஞ்சல்தலை வெளியிடப்பட்டபோது இவர் அமைச்சரவையில் இல்லை.

மீண்டும் நடுவண் அரசில்

தேர்தல் தோல்விக்குப் பின் வானூர்தித் தொழில் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார். 1969-இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது, தமிழ்நாட்டுக் காங்கிரசில் பெரும்பாலோர் காமராசருடன் இருக்க, சுப்பிரமணியம் இந்திரா காந்தியின் பக்கம் நின்றார். 1970-இல் அமைக்கப்பட்ட தேசிய வேளாண் ஆணையத்தின் முதல் தலைவராகவும் இருந்தார்.

1971-இல் திட்ட அமைச்சராகவும் திட்டக் குழுவின் துணைத் தலைவராகவும் நியமிக்கப்பட்டார். ஐந்தாவது மக்களவையில் கிருஷ்ணகிரித் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். பின்னர் தொழில் வளர்ச்சித் துறையை ஏற்று, 1974 அக்டோபரில் நிதி அமைச்சரானார். எண்ணெய் விலையேற்றத்தாலும் விளைச்சல் குறைவாலும் அப்போது பணவீக்கம் உச்சத்தில் இருந்தது. 1974-75-இல் சராசரியாக 25 விழுக்காட்டு அளவில் இருந்த மொத்த விலை உயர்வு, 1975-76-இல் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. முன்னரே தொடங்கிய பணக் கட்டுப்பாடுகளும் 1975-இன் நல்ல பருவமழையும் இதற்குக் காரணங்களாகும்.

சிற்றூர்களில் சிறு உழவர், கைவினைஞர் ஆகியோருக்குக் கடன் வழங்கும் வட்டார ஊரக வங்கிகள் இவர் நிதி அமைச்சராக இருந்தபோது தோன்றின. 1975 செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தின்கீழ், அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று முதல் ஐந்து வங்கிகள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் இவ்வகையில் உருவான பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் 2019-இல் இணைக்கப்பட்டுத் தமிழ்நாடு கிராம வங்கி ஆயின.

1975 முதல் 1977 வரை நடைமுறையில் இருந்த நெருக்கடி நிலைக் காலம் முழுவதும் இவர் அமைச்சரவையில் நீடித்தார். அரசியலமைப்பு நிர்ணய மன்றத்தில் இடம்பெற்றிருந்த ஒருவர், அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்ட ஆட்சியில் தொடர்ந்தது இவர் மீதான விமர்சனங்களுள் ஒன்றாக உள்ளது. 1977 தேர்தலில் வட இந்தியாவில் காங்கிரஸ் படுதோல்வி அடைந்தபோதும், தமிழ்நாட்டில் பழனித் தொகுதியிலிருந்து இவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்து வந்த கட்சிப் பிளவில் இந்திரா காந்தியிடமிருந்து விலகினார். 1979 ஜூலை முதல் 1980 ஜனவரி வரை சரண் சிங் அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். நடுவண் அரசில் இவர் வகித்த கடைசி அமைச்சர் பதவி அதுவே.

ஆரணிப் பகுதியில் பசுமைப் புரட்சி

ஆரணி, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள நகரம். 1989 வரை இது வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆரணிப் பட்டுச் சேலைகள் புகழ்பெற்றவை; பட்டு நெசவுக்கு இணையாக நெல் வணிகமும் அரிசி ஆலைகளும் இந்நகரின் பொருளாதாரத்தைத் தாங்குகின்றன. கோதுமையில் தொடங்கிய புதிய உத்தி, நெல் விளையும் தென்னிந்தியச் சிற்றூர்களில் என்ன செய்தது என்பதை அறிய இப்பகுதி ஆய்வுக் களமாயிற்று.

1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வட ஆற்காடு மாவட்டச் சிற்றூர்களிலும் இலங்கையிலும் ஆய்வு நடத்தினர். பி. எச். ஃபார்மரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1977-இல் வெளிவந்த அவ்வாய்வு, புதிய நெல் வகைகளின் பரவல் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்ததாகக் கூறியது. காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சாவூரில் ஆடுதுறை 27 போன்ற வகைகள் விரைந்து பரவின. ஆனால் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பிய வட ஆற்காட்டில் விதையைவிடத் தண்ணீரே தடையாக இருந்தது. மின்சார இறைப்பி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்த இயன்றவர்களே முதலில் பயன்பெற்றனர்.

பத்தாண்டுகளுக்குப் பின் அதே சிற்றூர்களில் மறு ஆய்வு நடந்தது. பீட்டர் ஹேசல், சி. இராமசாமி ஆகியோர் 1991-இல் வெளியிட்ட முடிவுகள் முந்தைய ஐயங்களைத் திருத்தின. அதற்குள் நெற்பரப்பின் பெரும்பகுதியில் உயர் விளைச்சல் வகைகள் பயிராகின. சிறு உழவரும் நிலமற்ற கூலித் தொழிலாளரும்கூட வருவாயில் முன்னேற்றம் கண்டிருந்தனர்.

பொருளியல் அறிஞர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட் 1973-இல் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆரணி நகரின் வணிகத்தை இடைவெளி விட்டு விட்டு ஆராய்ந்துள்ளார். நெல், பட்டு, தங்கம் ஆகிய மூன்றும் நகரின் முதன்மைத் தொழில்களாக இருந்ததை அவை பதிவு செய்துள்ளன. வயலில் பெருகிய நெல், நகரில் ஆலைகளையும் வணிகர்களையும் கடன் கொடுப்போரையும் பெருக்கியது. ஆலைகள் இயந்திரமயமானபோது, நெல் புழுக்குதல், உலர்த்துதல் போன்ற வேலைகளில் இருந்த பெண் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். கிணறுகளும் இறைப்பிகளும் பெருகப் பெருக நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. ஏரிப் பாசனம் கவனிப்பாரற்றுப் போயிற்று. உழவில் உறுதியான வருவாய் இல்லாத குடும்பங்கள் ஆரணி வணிகர்களிடம் பாவும் ஊடையும் பெற்று வீட்டிலேயே பட்டு நெய்யத் தொடங்கியதால், நெசவு நகரைத் தாண்டிச் சுற்றுச் சிற்றூர்களுக்கும் பரவியது. நெசவாளர்களுள் பலர் முன்பணக் கடனில் கட்டுண்டிருந்தனர்.

மதிப்பீடு

சுப்பிரமணியம் அறிவியலாளர் அல்லர். புதிய விதைகளை உருவாக்கியவர்கள் போர்லாக்கும் இந்திய அறிவியலாளர்களும். அவற்றை விளைவித்தவர்கள் உழவர்கள். விதையை வயலுக்குக் கொண்டுசேர்க்கும் அரசியல் முடிவை எடுத்ததும், அது தோற்றால் வரும் பழியை ஏற்க முன்வந்ததும் இவரது பங்காகும். இவர் காலத்தில் தோன்றிய அமைப்புகள் ஆட்சி மாற்றங்களைக் கடந்து நிலைத்துள்ளன. இந்திய உணவுக் கழகம் இன்றும் கொள்முதல் செய்கிறது. விலைக் குழு 1985 முதல் வேளாண் செலவு, விலைகள் ஆணையம் என்ற பெயரில் இயங்குகிறது. 1965-இல் வர்கீஸ் குரியனைத் தலைவராகக் கொண்டு நிறுவப்பட்ட தேசிய பால்வள வாரியமும் இவர் அமைச்சராக இருந்த காலத்தைச் சேர்ந்ததே.

மறுபுறம், உறுதியான கொள்முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைத்ததால் சிறுதானியங்களும் பருப்பு வகைகளும் பின்தங்கின. பஞ்சாப், அரியானா முதலிய பாசன வசதியுள்ள மாநிலங்கள் மிகுந்த பயன் பெற்றன. வேதி உரங்கள், பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றின் மிகைப் பயன்பாடும் நிலத்தடி நீர்க் குறைவும் இக்கொள்கையின் தீய விளைவுகளாகச் சுட்டப்படுகின்றன.

பிற்காலம்

1990 பிப்ரவரியில் மகாராட்டிர மாநில ஆளுநராக நியமிக்கப்பட்டார். பிரதமர் பி. வி. நரசிம்ம ராவின் செயல்முறை குறித்து இவர் கூறியதாக நாளிதழ்களில் வெளியான கருத்துகள் சர்ச்சையானதை அடுத்து, 1993 ஜனவரியில் பதவி விலகினார். தம் வாழ்க்கை வரலாற்றை "ஹேண்ட் ஆஃப் டெஸ்டினி" என்ற தலைப்பில் மூன்று தொகுதிகளாக ஆங்கிலத்தில் எழுதினார். 2000-ஆம் ஆண்டில், தொண்ணூறாம் அகவையில், ஊரக வேளாண் மேம்பாட்டுக்காகச் சென்னையில் தேசிய வேளாண் நிறுவனம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று சென்னையில் காலமானார். இவரது நூற்றாண்டையொட்டி 2010-இல் இந்திய அரசு அஞ்சல்தலையும் ஐந்து ரூபாய் நாணயமும் வெளியிட்டது.

வகித்த முதன்மைப் பதவிகள்

1946 – அரசியலமைப்பு நிர்ணய மன்றம், உறுப்பினர்
1952–1962 – சென்னை மாநில அமைச்சர் (நிதி, கல்வி உள்ளிட்ட துறைகள்)
1962–1964 – எஃகு, கனரகத் தொழில் அமைச்சர்
1964–1967 – உணவு, வேளாண்மை அமைச்சர்
1971–1972 – திட்ட அமைச்சர், திட்டக் குழுத் துணைத் தலைவர்
1972–1974 – தொழில் வளர்ச்சி அமைச்சர்
1974–1977 – நிதி அமைச்சர்
1979–1980 – பாதுகாப்பு அமைச்சர்
1990–1993 – மகாராட்டிர ஆளுநர்